தொகுத்தவர், தொகுப்பித்தவர், துய்ப்பவர்

எழுத்து யாருக்காக என்னும் வினா முற்போக்கு இலக்கியத்தின் தொடக்க காலந்தொட்டு நம்மிடையே எழுப்பப்பட்டு வருகிறது. கதையையும் கவிதையையும் நாடகத்தையும் அவ்வினாவின் முன் நிறுத்தி, அவற்றின் சமூகப் பயனை அளந்து பழகியவர்கள் நாம். ஆனால் இன்று உலகில் நாள்தோறும் எழுதப்படும் எழுத்தில் ஒரு பெரும்பகுதி கதையுமன்று, கவிதையுமன்று. கணனிக்கு இடப்படும் கட்டளைகளின் தொடராகிய நிரல் என்னும் எழுத்து அது. அதற்கும் ஆசிரியர் உண்டு, பதிப்பு உண்டு, பாடபேதம் உண்டு, உரை உண்டு, தொகை நூல்களும் உண்டு. அவ்வாறிருக்க, அவ்வெழுத்தை மட்டும் பொறியியலாளரின் தனியுடைமை என ஒதுக்கிவிட்டு, யாருக்காக என்ற வினாவை அதனிடம் கேளாதிருப்பது விமர்சகன் தன் கடமையிலிருந்து வழுவுவதாகும்.

உயர்திறன் கணிப்புக்கென உருவாகியுள்ள பொது மென்பொருட் களஞ்சியங்களையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். பெயரைக் கேட்டு வாசகர் மருளவேண்டியதில்லை. பத்து ஏக்கர் வயலை ஒருவர் தனியே நட்டு முடிப்பதற்குள் பருவம் தவறிவிடும். நூறு பேர் வரிசையில் நின்று, ஆளுக்கொரு பாத்தியாக, அயலவரின் நிரையைப் பார்த்துத் தம் நிரையை ஒழுங்குசெய்து நட்டால் ஒரே நாளில் வேலை முடியும். மீக்கணனி என்று சொல்லப்படும் பெருங்கணனி செய்வதும் இதுவே. ஆயிரக்கணக்கான செயலிகள் ஒரே கணக்கைப் பாத்தி பாத்தியாகப் பங்கிட்டுக்கொண்டு, எல்லையிற் கிடைக்கும் விடையை அயற்செயலிக்கு அறிவித்துக்கொண்டே கணக்கை முடிக்கின்றன. வானத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பெட்டியிலும் காற்றும் வெப்பமும் ஈரமும் அடுத்த மணியில் எவ்வாறு மாறும் எனக் கணிப்பது அத்தகைய கணக்குகளுள் ஒன்று. மருந்தின் மூலக்கூறு, நிலநடுக்கத்தின் அலை, எண்ணெய் புதைந்துள்ள பாறை, அணுகுண்டின் வெடிப்பு ஆகியனவும் இவ்வாறே கணிக்கப்படுகின்றன.

இனி, களஞ்சியத்தின் தேவை எங்கிருந்து எழுந்தது என்பதைக் காண்போம். வானிலைக் கணிப்புக்கு உலகெங்கும் வழங்கும் மென்பொருள்களுள் டபிள்யூ.ஆர்.எஃப் என்பது ஒன்று. அமெரிக்க அரச நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கூடி உருவாக்கிய அதனை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளோர் விலையின்றிப் பெற்றுள்ளனர். ஆனால் பெற்றவுடன் அதனை இயக்கிவிட முடியாது. அது போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியை இயந்திர மொழியாக்கும் தொகுப்பான் ஒன்று வேண்டும். வானிலைத் தரவைச் சேமிக்க நெட்சிடிஎஃப் என்னும் நிரற்றொகுதி வேண்டும். அதற்கு அடித்தளமாக எச்டிஎஃப்5 என்னும் மற்றொன்று வேண்டும். செயலிகள் தம்முட் பேசிக்கொள்ள எம்.பி.ஐ என்னும் நியமத்தைப் பின்பற்றும் இன்னொன்று வேண்டும். இவை அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாக, ஒரே தொகுப்பானால் ஆக்கப்பட்டனவாக இருத்தல் வேண்டும். ஒன்று பிசகினும் முழுவதும் நின்றுவிடும். இவ்வேலையில் ஆராய்ச்சி மாணவர் வாரக்கணக்கிலே அல்லலுறுவது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். ஒரு நிலையத்தில் ஒருவர் பட்ட பாட்டை மறுநிலையத்தில் மற்றொருவர் மீண்டும் முதலிலிருந்து பட்டார். மனித உழைப்பு இவ்வாறு ஆயிரம் இடங்களில் ஒரே வேலையிற் கரைந்துகொண்டிருந்தது.

இந்த வீணடிப்பைத் தடுக்கவே களஞ்சியங்கள் தோன்றின. பெல்ஜியம் நாட்டின் கென்ற் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2012இல் பொதுவுக்கு வெளியிடப்பட்ட ஈசிபில்ட், அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தில் 2013இல் ரொட் கம்பிளின் என்பார் தொடங்கிய ஸ்பாக் ஆகிய இரண்டும் இவற்றுட் குறிப்பிடத்தக்கன. ஒரு மென்பொருளை எவ்வாறு கட்டி எழுப்புவது என்ற செய்முறைக் குறிப்பை ஒருவர் ஒருமுறை எழுதிக் களஞ்சியத்தில் இட்டால், எந்நாட்டவரும் அதனைக் கொண்டு அதே மென்பொருளைத் தம் இயந்திரத்தில் எழுப்பிக்கொள்ளலாம். இன்று ஸ்பாக் களஞ்சியத்தில் உள்ள குறிப்புகள் பல ஆயிரம். எழுதி உதவியோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 2020 முதல் ஐரோப்பிய நிலையங்கள் சில கூடி வளர்த்துவரும் ஈசி என்னும் திட்டம் மேலும் ஒருபடி சென்றுள்ளது. அது தருவது செய்முறைக் குறிப்பன்று, ஆக்கி முடித்த மென்பொருளையே. வேண்டிய கோப்பை வேண்டிய பொழுதில் மட்டும் வலையமைப்பு வழியாக இழுத்துக்கொள்ளும் அம்முறைக்கு, ஜெனீவாவிலுள்ள சேர்ன் அணு ஆய்வு நிலையத்தில் உருவான கோப்பு அமைப்பே அடிப்படை. முன்னவை விதைநெல் தருகின்றன; பின்னது சோறாக்கித் தருகிறது எனலாம்.

இவற்றால் விளைந்த நன்மை மெய்யானது. முதலாவதாக, உழைப்பு மிச்சமாகிறது. இரண்டாவதாக, ஓர் ஆய்வாளர் பெற்ற விடையை மற்றொருவர் அதே மென்பொருளை அதே பதிப்பில் எழுப்பிச் சரிபார்க்க முடிகிறது. விஞ்ஞானத்தின் நேர்மை இதனாற் காக்கப்படுகிறது. மூன்றாவதாக, மென்பொருளை நிறுவுவதற்கெனத் தனி நிபுணரைச் சம்பளத்துக்கு அமர்த்த இயலாத சிறிய பல்கலைக்கழகம், அத்தகைய நிபுணர் பலரைக் கொண்ட பெரிய நிலையத்தின் அறிவைச் செலவின்றிப் பெறுகிறது. பணக்கார நிலையத்துக்கு இக்களஞ்சியம் ஒரு வசதி. வறிய நிலையத்துக்கோ அதுவே வாசல். கொள்கையளவிற் பார்த்தால், இதனால் மிகுந்த பயன் பெறவேண்டியவர் வறியவரே.

கொள்கையளவில் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் படித்தவர்க்குத் தொகை நூல் புதிதன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்த நம் முன்னோர், தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என இரு செய்திகளைத் தனித்தனியே குறித்து வைத்தனர். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. உழைத்துச் சேர்த்தவர் ஒருவர், செலவளித்துச் சேர்ப்பித்தவர் வேறொருவர் என்பதை மறையாது சொன்ன மரபு அது. நற்றிணையின் வரலாறோ மேலும் சிந்திக்கத்தக்கது. அதனைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்று அறிகிறோம். தொகுத்த புலவரின் பெயர் கிடைக்கவில்லை. செல்வத்தின் பெயர் நின்றது. உழைப்பின் பெயர் மறைந்தது. நம் முன்னோர் தந்த இவ்விரு சொற்களையும் கொண்டே இப்புதிய தொகைகளை நாம் மதிப்பிட முற்படலாம். துய்ப்பவர் யார் என்ற மூன்றாவது வினாவையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வோம்.

ஸ்பாக் களஞ்சியத்தைத் தொகுத்தவர் பல நாடுகளில் பரந்துள்ள ஆய்வாளர், மாணவர், பொறியியலாளர். தொகுப்பித்தவர் யார்? லிவர்மோர் ஆய்வுகூடம் 1952இல் அமெரிக்காவின் அணுவாயுத ஆய்வுக்காக நிறுவப்பட்டது. இன்றும் அப்பணியே அதன் தலையாய பணி. அமெரிக்கா 1992க்குப் பின்னர் அணுகுண்டை வெடித்துப் பரிசோதிக்கவில்லை. வெடித்துப் பார்ப்பதற்கு ஈடாக அது கணித்துப் பார்க்கிறது. அதற்காகவே அங்கு அடுத்தடுத்து மீக்கணனிகள் எழுப்பப்படுகின்றன. 2024 நவம்பரில் உலகின் முதலிடத்தை எய்திய எல் கப்பித்தான் என்னும் கணனி அவ்வாய்வுகூடத்தினதே. ஆகவே நமது வயலுக்கு மழை வருமா எனக் கணிக்க உதவும் அதே களஞ்சியம், பேரழிவுப் படைக்கலத்தைக் காத்து வைப்பதற்கும் உதவுகிறது. உண்மையில் அந்நிலையத்தின் தேவையிலிருந்தே பிறந்தது. இதனை மறந்துவிட்டு விஞ்ஞானத்தின் பொதுமையைப் பாடுவோர், பாட்டில் பாதியை மட்டும் பாடுகின்றனர்.

அரசுக்கு அடுத்து நிறுவனங்கள். 2024இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் உயர்திறன் மென்பொருளுக்கென ஓர் அமைப்பு நிறுவப்பட்டது; ஸ்பாக் அதன்பாற் சேர்ந்தது. ஆய்வுகூடங்களோடு அமேசன், எச்.பி. எண்டர்பிறைஸ், இன்ரெல், என்விடியா போன்ற பெருநிறுவனங்களும் அங்கு உறுப்பினர். இவர்கள் பொருளும் இயந்திரமும் கொடுத்து உதவுகின்றனர் என்பது உண்மை. கணனிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கு, அக்கணனிகளில் எல்லா விஞ்ஞான மென்பொருளும் இலகுவில் இயங்குவது வியாபாரத்துக்கு இன்றியமையாதது என்பதும் உண்மை. பேருந்து நடத்துபவர் வீதி திருத்துவதற்கு நன்கொடை கொடுப்பதை ஒத்தது இது. வீதி எல்லோருக்கும் பயன்படும் என்பதில் ஐயமில்லை. கட்டணம் வாங்குபவர் யார் என்பதிலும் ஐயமில்லை.

இவ்விடத்தில் உரிமங்களைப் பற்றியும் ஒரு சொல். ஈசிபில்ட் வெளியிடப்பட்டுள்ள உரிமம், ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடக்கிய சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் வழிவந்தது. அதனைத் திருத்திப் பிறருக்கு வழங்குபவர், திருத்தத்தின் மூலநிரலையும் வழங்கவேண்டும். ஸ்பாக் வெளியிடப்பட்டுள்ள உரிமமோ அத்தகைய கடப்பாட்டை விதிக்கவில்லை. எடுத்தவர் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை. முதலாவது, குளத்து நீரைப் பாய்ச்சியவர் அணைக்கட்டு வேலைக்கு ஆள் அனுப்பவேண்டும் என்ற ஊர்வழமை போன்றது. இரண்டாவது, யாரும் வந்து அள்ளிப் போகலாம் என்பது. எனினும் முதலாவதிலும் ஓட்டை உண்டு. மென்பொருளைப் பிறருக்கு வழங்காது, தன் இயந்திரத்திலேயே இயக்கி, இயக்கத்தை மட்டும் வாடகைக்கு விடும் நிறுவனத்தை அக்கடப்பாடு தீண்டுவதில்லை. சட்டத்தின் வாசகம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது. பொருளாதாரத்தின் போக்கை அறிந்து அது எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

நிற்க. இவ்வளவும் கூறக்கேட்டு, களஞ்சியம் எவருக்கும் கதவடைக்கவில்லையே, விலையும் கேட்கவில்லையே, பின் குறை என்ன என வினவும் நண்பர்கள் உளர். அவர்களைத் தம்பலகாமத்து வயல்வெளிக்கு அழைக்க விரும்புகிறோம். கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் நிலம் இது. அக்குளத்தைத் தமிழ் மரபு குளக்கோட்டன் பெயரோடும், சிங்கள மரபு இரண்டாம் அக்கபோதி மன்னன் பெயரோடும் இணைத்துப் போற்றுகிறது. மண் சுமந்தவர் பெயரை எம்மரபும் சொல்லவில்லை. குளம் பொது, நீர் பொது. எனினும் துருசு திறந்ததும் நீர் முதலிற் பாய்வது வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலுக்கு. கடைசி வயலுக்கு அது வந்து சேர்வதும் சேராததும் வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கும் விதத்தையும், முறை வைத்து நீர் பங்கிடுவோரின் நேர்மையையும் பொறுத்தது. எல்லோருக்கும் உரிய நீர் என்பது வேறு. எல்லோருக்கும் கிடைக்கும் நீர் என்பது வேறு. கமக்காரன் எவனும் இவ்வேறுபாட்டை மறப்பதில்லை. படித்தவர்களாகிய நாமே மறந்துவிடுகிறோம்.

மென்பொருட் களஞ்சியத்தின் வாய்க்கால் யாது? முதலாவது, இயந்திரம். உலகின் முதல் ஐந்நூறு மீக்கணனிகளின் பட்டியல் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளிவருகிறது. அதில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சீனாவும் ஜப்பானும் பெரும்பங்கை நிரப்புகின்றன. நமது நாட்டின் பெயரைத் தேடிப் பயனில்லை. எல் கப்பித்தான் இயங்க ஏறத்தாழ 30 மெகாவாற் மின்சாரம் வேண்டும். நாமோ 2022இல் நாளொன்றுக்குப் பல மணிநேரம் இருளில் இருந்தவர்கள். இரண்டாவது, இயந்திரத்தின் உட்பகுதி. இன்றைய கணிப்பில் பெரும்பங்கை ஏற்றுள்ள வரைவியற் செயலிகளை விற்பதில் என்விடியா நிறுவனம் முன்னிற்கிறது. அவற்றை இயக்கும் கூடா என்னும் அடித்தள மென்பொருள் அந்நிறுவனத்தின் தனியுடைமை. களஞ்சியத்தின் மேற்றளம் முழுவதும் பொதுவாயிருக்க, அத்திவாரத்தில் ஒருவருடைய பூட்டுத் தொங்குகிறது. மூன்றாவது, வலையமைப்பு. நான்காவது, மொழி. ஈசிபில்ட் ஆயினும் ஸ்பாக் ஆயினும் அவற்றின் விளக்க நூல்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் கற்ற மாணவன் ஒருவன், இயந்திரமும் இணைப்பும் கிடைத்த பின்னும், மொழியென்னும் மேட்டுநிலத்தின் முன் நின்றுவிடுகிறான்.

மிச்சமான உழைப்பு யாரிடம் சேருகிறது என்ற வினாவுக்கு விடை இங்கே உள்ளது. மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில், சமுதாயம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பொது அறிவு இயந்திரத்தில் உறைந்து நிற்பதையும், அதனால் மிச்சமாகும் உழைப்பின் பயன் இயந்திரத்தின் உடைமையாளனிடம் ஒதுங்குவதையும் ஆராய்ந்தார். நிரல் பொதுவாகிவிட்டது, இயந்திரம் பொதுவாகவில்லை. ஆகவே பொது நிரலின் பயன் தனி இயந்திரத்தின் பக்கம் சாய்கிறது. ஆயிரம் இயந்திரம் உடையவன் ஒரு குறிப்பினால் ஆயிரம் மடங்கு பயன் பெறுகிறான். ஓர் இயந்திரம் உடையவன் ஒரு மடங்கு பெறுகிறான். இயந்திரம் அற்றவன் குறிப்பை வாசித்து மகிழலாம்.

நம்முடைய அயலில் மற்றொரு களஞ்சியமும் உண்டு. தம்பலகாமத்திலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வழியில், சீனக்குடாக் காட்டிடையே நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளை வாசகர் பலரும் கண்டிருப்பர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் தம் கடற்படைக்கென அவற்றைக் கட்டினர். கட்டியவன் தேவைக்காகவே அவை நிரம்பின. அவன் தேவை நீங்கியதும் பெரும்பாலானவை பல்லாண்டு காடு மூடிக் கிடந்தன. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கைகளின்படி அவற்றுள் 61, இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையும் நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் கூட்டாகப் பயன்படுத்துவதற்கென ஒதுக்கப்பட்டன. குளமும் களஞ்சியமே, தாங்கியும் களஞ்சியமே. முன்னது வயலை நினைத்துக் கட்டப்பட்டது. பின்னது கப்பலை நினைத்துக் கட்டப்பட்டது. இன்றைய மென்பொருட் களஞ்சியம் இவற்றுள் எதனை ஒத்தது? இரண்டின் இயல்பும் அதனிடம் கலந்திருக்கிறது என்பதே நமது முடிபு. எதுவாக அது வளரும் என்பதோ இன்னும் முடிவாகாத வழக்கு.

எனவே, ஏகாதிபத்தியத்தின் ஆயுதச்சாலையிற் பிறந்தது, ஆதலால் தீண்டத்தகாதது என்று கூறி ஒதுங்கும் தீவிரவாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அத்தருக்கத்தின்படி புகைவண்டியும் அச்சியந்திரமும் நமக்கு ஆகாதனவாகிவிடும். ஒதுங்குபவன் பாதிப்பது தன்னையே. 1980களில் இந்தியா தன் விஞ்ஞானிகளுக்கென அமெரிக்காவிடம் சக்திவாய்ந்த கிரே மீக்கணனியைக் கேட்டபோது, வானிலைக் கணிப்புக்கென ஆற்றல் குறைந்த ஒன்றே கிடைத்தது. அந்த அவமதிப்பின் விளைவாக 1988இல் சி-டாக் நிறுவனம் தோன்றியது. 1991இல் பரம் 8000 கணனி உருவாயிற்று. இயந்திரத்தை மறுக்க ஒரு வல்லரசால் முடிந்தது. அறிவை மறுக்க முடியவில்லை. இன்று அதே வல்லரசின் ஆய்வுகூடம் எழுதிய நிரலை எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலை வந்திருக்கிறது. இது சிறிய மாற்றமன்று.

அவ்வழியில் வந்த கணனிகளுள் ஒன்று, 2022 மே மாதம் திருச்சிராப்பள்ளித் தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் தொடக்கிவைக்கப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயர் பரம் பொருள். நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்லது அது; எல் கப்பித்தானின் ஆற்றலோ அதைப்போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. தமிழ்ப் பெயர் கேட்டு மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. பரம்பொருள் எங்கும் நிறைந்தது என்பர் சமயத்தார். இப்பரம்பொருள் கழகத்தின் சுவரைத் தாண்டி எங்கெங்கு நிறைகிறது? காவிரியின் கடைமடை உழவனுக்கும், ஆங்கில மொழியறிவு குறைந்த கிராமத்துக் கல்லூரி மாணவிக்கும் அதன் கணிப்பு எட்டுகிறதா? பெயரில் உள்ள தமிழ் பயனிலும் இருக்கிறதா? பெயர் சூட்டுவிழாவுக்குப் பின்னர் கேட்கப்படவேண்டிய கேள்விகள் இவை.

நாம் என்றும் கொள்வோராகவே இருந்தோம் என்பதும் உண்மையன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைச் சூறையாடியபோது, காணாமற் போனோரையும் அகதி முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து ஒழுங்குசெய்ய, நம் நாட்டுக் கணனிப் பொறியியலாளர்கள் தொண்டர்களாகக் கூடிச் சில நாட்களில் ஒரு மென்பொருளை எழுதினர். சிங்கள மொழியில் நிவாரணம் எனப் பொருள்படும் சகன என்பது அதன் பெயர். பொதுவுடைமையாக வெளியிடப்பட்ட அது, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெய்ற்றி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. பிறநாட்டு மென்பொருட் திட்டங்களுக்குக் கோடை விடுமுறையில் நிரல் எழுதும் கூகுள் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் பல்லாண்டு உலகில் முன்னணியில் நின்றனர். ஆகவே தொகுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லாமலில்லை. நம் தேவைக்கென நாமே தொகுத்தபோது உலகின் துன்பப்பட்ட மக்களுக்கும் அது உதவிற்று. பிறர் தேவைக்கெனத் தனித்தனியே தொகுத்தபோது மாணவனுக்கு ஒரு சான்றிதழும் சிறு ஊதியமும் கிடைத்தன. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது.

தமிழுலகிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும், சம்பளமோ அரச ஆணையோ இல்லாத தொண்டர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை எவரும் வாசிக்கக்கூடிய பொதுத் தொகையாக்கின. 1981இல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட ஒரு சமுதாயத்துக்கு, பல இடங்களிற் பிரதியாகி நிற்கும் பொதுக் களஞ்சியத்தின் அருமையை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அந்த உணர்வு விஞ்ஞான நிரல்களின் பக்கம் இன்னும் திரும்பவில்லை என்பதே குறை.

இவையெல்லாம் படித்தவர் வாதம். வயலில் நிற்பவனுக்கு இதனால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் திருகோணமலைக் கரையைத் தாக்கிய பின்னரே அங்கு சென்றது. 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கிழக்குக் கரையால் நுழைந்து நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. பெரும்போக நெல் விதைத்த வயல்களும் வெள்ளத்தில் மூழ்கின. பெரும் உலக மாதிரிகள் புயலின் பாதையை நாட்களுக்கு முன்னரே காட்டவல்லன. ஆனால் எந்த மலைச்சரிவில் எவ்வளவு மழை, எந்தக் குளத்தின் கலிங்கு எப்பொழுது பாயும், எந்த ஊர் எத்தனை மணிக்குள் வெளியேறவேண்டும் என்பதை அறிய, நம் நிலத்தின் மேடுபள்ளத்தையும் நம் ஆறுகளையும் உட்கொண்ட நுண்ணிய கணிப்பு வேண்டும். அதனை வெளிநாட்டார் நமக்காகச் செய்து தரப்போவதில்லை. அதற்கு வேண்டிய வானிலை நிரலும், ஆற்றுவெள்ள நிரலும், அவற்றை நிறுவும் செய்முறையும் பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. இலவச நிரலுக்கும் வெள்ளத்தில் நின்ற மனிதனுக்கும் இடையே வெட்டப்படாத வாய்க்கால் ஒன்று இருக்கிறது. அதில் இயந்திரம் இல்லை, இயக்குவோர் போதவில்லை, இயக்கினாலும் அவ்வெச்சரிக்கை அவன் மொழியில், அவனுக்கு விளங்கும் சொல்லில், உரிய நேரத்தில் வந்து சேரும் என்ற உறுதி இல்லை. யார் பயன்பெறுகிறார்கள் என்ற வினா இங்கே உயிரின் வினாவாகிவிடுகிறது.

ஆகவே செய்யத்தக்கது யாது? பல்கலைக்கழகம் தோறும் தனித்தனியே சிறு கணனிகளை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் ஒழிந்து, நாட்டின் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ஒரு கணிப்பு நிலையம் அரச செலவில் அமைதல் வேண்டும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. கொழும்பிலுள்ள மாணவனுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்து மாணவிக்கும் அதில் இருத்தல் வேண்டும். பொதுப்பணத்தில் செய்யப்படும் வானிலை, வெள்ளக் கணிப்புகளின் நிரலும் தரவும் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படுதல் வேண்டும். களஞ்சியங்களின் விளக்க நூல்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படுதல் வேண்டும். இது மொழிபெயர்ப்பு வேலையன்று. நம் மாணவனுக்குப் புரியும் உதாரணங்களோடு புதிதாக எழுதும் வேலை. தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டியது. எதைச் சேர்ப்பது, எந்த இயந்திரங்களை ஆதரிப்பது எனத் தீர்மானிக்கும் சபைகளில் பழைய இயந்திரமும் மெதுவான இணைப்பும் உடைய நாடுகளின் குரலும் ஒலித்தல் வேண்டும். பழைய செயலி கைவிடப்படும்போது கைவிடப்படுபவர் யார் என்பதைப் புதிய செயலி உடையவர் உணர்வதில்லை.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றாண்டுகளாக நின்ற அணையும் காவலும் கவனிப்பும் தளர்ந்தால் ஓரிரவில் உடையும். மென்பொருட் களஞ்சியமும் அத்தகையதே. ஒருமுறை எழுதிய குறிப்பு, தொகுப்பான் மாறினால் பிழைக்கும். சார்ந்துள்ள மற்றொரு நிரல் மாறினால் பிழைக்கும். அதனை நாள்தோறும் திருத்திக் காப்போரின் வேலை புதுமை உடையதன்று, ஆய்வுக்கட்டுரையில் இடம்பெறுவதன்று, பதவி உயர்வு தருவதன்று. நற்றிணையைத் தொகுத்த புலவரின் விதியே அவர்களுக்கும் நேர்கிறது. காப்போருக்குக் கூலியும் பெயரும் தராத பொதுவுடைமை, காலப்போக்கிற் கூலி தரவல்ல தனியாரின் கைக்கே போய்ச் சேரும். இதற்கு எவருடைய சூழ்ச்சியும் வேண்டியதில்லை. பொதுமக்களின் அசட்டையே போதும்.

களஞ்சியத்தை ஆக்கியவர்களை நாம் குறைகூறவில்லை. தாம் பட்ட பாட்டைப் பிறர் படலாகாது என எண்ணி, எழுதியதைப் பூட்டாமல் வைத்த அவர்களின் பண்பு போற்றுதற்குரியது. நமது விமர்சனம் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. அவர்கள் குளம் தோண்டினர்; வாய்க்கால் வெட்டுவது அவர்கள் கடமையன்று, நம் கடமை. அதனை அரசு தானாகச் செய்யாது. நிறுவனம் இலாபமின்றிச் செய்யாது. மக்களின் பெயரால் அதனைக் கேட்டு நிற்கவேண்டியவர்கள் ஆசிரியரும் மாணவருமே. வகுப்பறையில் கணனியைத் தட்டெழுதும் பெட்டியாகக் கற்பிப்பதோடு நாம் அமைவோமாயின், நம் பிள்ளைகள் பிறருடைய தொகைகளைத் துய்ப்பவராக, அதுவும் வாடகை கொடுத்துத் துய்ப்பவராகவே இருப்பர். ஒரு நிரலைத் திறந்து வாசிக்கவும், பிழை கண்டு திருத்தவும், திருத்தியதைத் தம் பெயரோடு பொதுவில் வைக்கவும் அவர்களைப் பழக்குவோமாயின், அவர்கள் தொகுப்போர் வரிசையில் நிற்பர். தொகுப்பிப்போர் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையும் கேட்பர். எழுத்து யாருக்காக என்ற பழைய வினாவுக்கு அவர்கள் எழுதப்போகும் விடையை நாம் எதிர்பார்த்து நிற்கிறோம்.